ஸ்டெப்னிக்கு எலுமிச்சம்பழம் இல்லை

புதுக் கார் எடுக்கும் நாளில் நான்கு டயருக்கும் நான்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுத்தான் வண்டியை வெளியே எடுக்கிறோம். ஐந்தாவது டயருக்கு யாரும் பழம் வைத்ததில்லை. டிக்கியில், கம்பளத்துக்கு அடியில், இருட்டில் கிடக்கும். மூன்று வருடம் காற்றே சரிபார்க்காமல் விட்டுவிட்டு, ஒரு ராத்திரி அவசரத்துக்கு எடுத்தால் அதுவும் சப்பையாக இருக்கும். அந்த அலட்சியத்துக்குக் கிடைத்த தண்டனை மாதிரி, இப்போது பல புதுக் கார்களில் அந்தச் சக்கரமே கிடையாது. கம்பளத்தைத் தூக்கினால் தெர்மாகோல் தட்டு ஒன்று, அதற்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு கம்ப்ரசர், ஒரு பாட்டில் வெள்ளைத் திரவம். அவ்வளவுதான்.

அப்படிப்பட்ட காரில் டயர் போனால் என்ன செய்வது? ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள். அந்தப் பாட்டில் போதும் என்கிறது கார் கம்பெனி. சட்டம் அதற்கு இடம் கொடுத்திருக்கிறது என்கிறது அரசு. போன் செய்தால் ஆள் வரும் என்கிறார் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். பஞ்சர் கடைக்காரரோ, "அந்தப் பாலை மட்டும் உள்ள ஊத்திராதீங்க சார்" என்று கையெடுத்துக் கும்பிடுகிறார். நால்வர் சொல்வதும் பொய்யில்லை. ஆனால் ஒவ்வொருவரும் மனத்தில் வைத்திருப்பது வேறு வேறு பஞ்சர். ஆணி குத்தியது ஒரு பஞ்சர், கல் கிழித்தது இன்னொன்று. தாம்பரத்தில் பட்டப்பகலில் ஆவது ஒன்று, வால்பாறை மலைப்பாதையில் இரவு பதினொரு மணிக்கு ஆவது வேறொன்று. எங்கே கிழிந்தது, எந்த ரோட்டில், எந்த நேரத்தில் என்று கேட்காமல் பாட்டிலா சக்கரமா என்று வாதம் செய்வதில் பயனில்லை.

கொஞ்சம் பின்னால் போய் வரலாம். ஸ்டெப்னி என்பது ஆங்கிலேயருக்கே மறந்துபோன ஒரு சொல். வேல்ஸில் லனெல்லி என்றொரு ஊர். அங்கே ஸ்டெப்னி தெருவில் இரும்புக்கடை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள் 1904இல் ஒரு பொருளைச் செய்தார்கள். ஆரக்கால் இல்லாத வெறும் வளையம், அதன்மேல் காற்றடித்த டயர். பஞ்சரான சக்கரத்தைக் கழற்றவே வேண்டாம், அதன் பக்கவாட்டில் இந்த வளையத்தைக் கிடுக்கியால் இறுக்கிக்கொண்டு ஓட்டிவிடலாம். தெருவின் பெயரே பொருளின் பெயராயிற்று. லண்டன் டாக்சிகளில் ஏறியது, கப்பல் ஏறியது, இந்தியாவுக்கும் வந்தது. பிறந்த நாட்டில் அந்தப் பெயர் வழக்கொழிந்துவிட்டது. மால்டாவிலும் நம் நாட்டிலும் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. பிரேசிலில் மாற்றுச் சக்கரத்தை இன்றும் 'எஸ்டெப்பே' என்கிறார்கள். தமிழில் அந்தச் சொல் இன்னும் சில இடங்களுக்குப் போய்ச் சேர்ந்த கதையை இங்கே விரிக்க வேண்டாம், வாசகருக்குத் தெரியும்.

டேவிஸ் சகோதரர்களுக்கு முன்னால் கார்களில் மாற்றுச் சக்கரம் கிடையாது என்பதைக் கவனிக்க வேண்டும். டயர் போனால் ஓட்டுநர் ரோட்டோரத்தில் உட்கார்ந்து, ரிம்மிலிருந்து டயரைப் பெயர்த்து, டியூபை உருவி, ஒட்டுப்போட்டு, கைப்பம்பால் காற்றடிக்க வேண்டும். லாட ஆணிகள் சிந்திக் கிடந்த சாலைகளில் இது அன்றாட வேலை. நாம் 120 ஆண்டு சுற்றி வந்து கிட்டத்தட்ட அதே இடத்தில் நிற்கிறோம். கைப்பம்புக்குப் பதில் கையில் கம்ப்ரசர்.

இந்தச் சுற்றுக்கு நடுவில் நடந்த பெரிய மாற்றம் டியூப்லெஸ் டயர். குட்ரிச் கம்பெனியின் ஃபிராங்க் ஹெர்ஸே என்ற பொறியாளருக்கு 1952இல் அமெரிக்காவில் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. 1955 வாக்கில் அங்கே புதுக் கார்கள் அதோடு வர ஆரம்பித்தன. டியூபில் ஆணி ஏறினால் பலூன் மாதிரி நொடியில் காற்று போகும். டியூப்லெஸ்ஸில் ஆணியே அடைப்பான். ஆணியைச் சுற்றி ரப்பர் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், காற்று மெல்ல மெல்லக் கசியும். காலையில் குத்திய ஆணி சாயங்காலம்வரை தெரியாமல் இருப்பதும் உண்டு. ஸ்டெப்னியை எடுத்துவிடலாம் என்ற துணிச்சலுக்கு அடிப்படை இந்த ஒரு குணம்தான்.

இந்தியாவில் அந்தத் துணிச்சலுக்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது 2020இல். அந்த ஆண்டு ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மோட்டார் வாகன விதிகளில் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. ஓட்டுநரையும் சேர்த்து 9 பேருக்கு மேல் போகாத, 3.5 டன்னுக்கு மேற்படாத பயணிகள் வண்டிகளில் மூன்று நிபந்தனை நிறைவேறினால் மாற்றுச் சக்கரம் கட்டாயமில்லை. டயர்கள் டியூப்லெஸ்ஸாக இருக்க வேண்டும், காற்றழுத்தம் குறைந்தால் எச்சரிக்கும் கருவி வேண்டும், பஞ்சர் அடைக்கும் கிட் வேண்டும். அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் இது நடைமுறை. மின்சாரக் கார்களில் பெரிய பேட்டரிக்கு இடம் கிடைக்கும் என்பது அரசு சொன்ன காரணங்களில் ஒன்று.

காரணம் நியாயமானதுதான். ஒரு முழுச் சக்கரம் சுமார் 15 முதல் 20 கிலோ. வருடத்தில் 364 நாள் அந்தச் சுமையை வீணாகத்தான் சுமக்கிறோம். மின்சாரக் காரில் தரைக்கு அடியில் பேட்டரி, சிஎன்ஜி காரில் டிக்கியில் சிலிண்டர், சக்கரத்துக்கு இடம் தேட வேண்டியிருக்கிறது. ஆனால் சட்டம் பேட்டரிக் காருக்கு மட்டும் கதவைத் திறக்கவில்லை. பெட்ரோல் கார்களுக்கும் அதே கதவுதான். சக்கரம், ஜாக்கி, வீல் ஸ்பேனர் மூன்றையும் எடுத்துவிட்டால் கம்பெனிக்கு மிச்சம். அந்த மிச்சம் விலைப்பட்டியலில் இறங்கியதாக நான் பார்த்ததில்லை.

இது இந்தியாவின் தனிக்கதை அல்ல. அமெரிக்காவில் கார் வைத்திருப்போரின் பெரிய சங்கமான ஏஏஏ, 2015ஆம் ஆண்டு மாடல்களில் 36 சதவீதத்தில் ஸ்டெப்னி இல்லை என்று கணக்கெடுத்து, இந்தப் போக்கை நிறுத்துங்கள் என்று கம்பெனிகளைக் கேட்டது. அவர்கள் கிட்களை வாங்கிச் சோதித்தும் பார்த்தார்கள். ஆணி டயரிலேயே இருந்தால் அடைக்கிறது. ஆணி விழுந்துவிட்டாலோ பக்கச்சுவர் கிழிந்தாலோ பாட்டிலுக்கு வேலையில்லை. நம் ஊர்ப் பஞ்சர் கடைக்காரர் இதைச் சோதனைச்சாலை இல்லாமலே சொல்லிவிடுவார்.

மூன்று நிபந்தனைகளில் உண்மையாகவே பயன் தருவது நடுவில் உள்ள எச்சரிக்கைக் கருவி. அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் டயர்கள் பிய்ந்து ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகள் கவிழ்ந்த விபத்துகளுக்குப் பிறகு, 2000இல் வந்த சட்டத்தின் விளைவு இது. அங்கே அழுத்தம் 25 சதவீதம் குறைந்தால் விளக்கு எரிந்தாக வேண்டும். இதில் இரண்டு வகை. ஒன்று, ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் வால்வோடு சேர்ந்த சென்சார். எந்த டயரில் எத்தனை பிஎஸ்ஐ என்று எண்ணாகவே காட்டும். மற்றது சென்சாரே இல்லாமல் கணக்குப் போடும் வகை. காற்று குறைந்த சக்கரத்தின் சுற்றளவு குறையும், அதனால் மற்றவற்றைவிட வேகமாகச் சுழலும், அதை ஏபிஎஸ் கண்டுபிடிக்கும். மலிவான, கெட்டிக்காரத்தனமான வழிதான். ஆனால் நான்கு டயரிலும் ஒரே மாதிரி காற்று இறங்கினால் அதற்குத் தெரியாது. காற்றடித்த பிறகு ரீசெட் செய்யாவிட்டால் தவறான அளவையே சரியென்று எடுத்துக்கொள்ளும். உங்கள் வண்டியில் எந்த வகை இருக்கிறது என்று இன்றே பார்த்துக்கொள்வது நல்லது. விளக்கு எரிந்ததும், "சென்சார் கோளாறா இருக்கும், ஊர் போய்ப் பாத்துக்கலாம்" என்று ஓட்டுவதில்தான் பாதி டயர்கள் சாகின்றன.

ஏன் சாகின்றன என்று சின்னக் கணக்கு ஒன்று போடலாம். சாதாரணக் கார் டயரின் சுற்றளவு இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒரு கிலோமீட்டர் ஓட சுமார் 500 சுற்று. காற்றில்லாத டயரில் ஒவ்வொரு சுற்றிலும் பக்கச்சுவர் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் மடங்கி நசுங்குகிறது. ஒரு கிலோமீட்டரில் 500 முறை மடித்த துணி மாதிரி உள்ளே நூல்கள் அறுந்து, ரப்பர் பொடியாக உதிரும். டயரைக் கழற்றினால் உள்ளே கறுப்பு மாவு கொட்டும், பஞ்சர் கடையில் பார்த்திருப்பீர்கள். அந்த மாவைப் பார்த்துவிட்டால் அப்புறம் ஒட்டுப்போட்டுப் பயனில்லை. நூறு ரூபாய்ப் பஞ்சர் ஆறாயிரம் ரூபாய் டயர் ஆவது இந்த ஒரு கிலோமீட்டரில்தான்.

ஆனால் இதற்கு விதிவிலக்கு உண்டு, அதை அழுத்திச் சொல்ல வேண்டும். பாலத்தின் மேலோ, வளைவிலோ, இருட்டில் லாரிகள் பறக்கும் பைபாஸின் ஓரக்கோட்டிலோ டயர் போனால் டயரைப் பற்றிக் கவலைப்படக் கூடாது. பிரேக்கை மிதித்து நிறுத்தாமல், ஆக்சிலரேட்டரை விட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஹசார்டு விளக்கைப் போட்டுக்கொண்டு நடை வேகத்தில் பெட்ரோல் பங்க், டீக்கடை, டோல்கேட் என்று வெளிச்சமுள்ள இடம்வரை உருட்டிக்கொண்டு போகலாம். டயர் போகும், ரிம்கூடப் போகலாம். போகட்டும். வண்டி நின்றதும் முக்கோணப் பலகையை நன்றாகப் பின்னால் தள்ளி வைத்துவிட்டு, ஆட்களைத் தடுப்புக்கம்பிக்கு அந்தப் பக்கம் நிறுத்த வேண்டும். லாரிக்காரர்கள் கல்லையும் வேப்பங்கிளையையும் வைக்கிறார்கள். கிளை பரவாயில்லை. போகும்போது கல்லை எடுக்காமல் போவதால் அடுத்தவன் டயருக்கும் அதே கதி.

சரி, வண்டி நின்றுவிட்டது, வெளிச்சமும் இருக்கிறது. அடுத்து எங்கே அடிபட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். ரோட்டில் படும் பகுதியில், அதாவது பட்டன் உள்ள பாகத்தில், ஓட்டை 6 மில்லிமீட்டருக்குள் இருந்தால் பிழைக்கும். அமெரிக்க டயர் தயாரிப்பாளர்கள் சொல்லும் எல்லையும் அதுதான். பட்டன் பகுதியிலும் நடு முக்கால் பாகத்தில் மட்டுமே சின்ன ஓட்டைகளை அடைக்கலாம் என்கிறது பிரிட்டிஷ் தரவிதி. ஓரத்திலோ பக்கச்சுவரிலோ கிழிந்தால் பாட்டில், திரி, ஒட்டு எதுவும் உதவாது. அந்த இடம்தான் ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து நிமிரும் இடம், அங்கே எந்த ஒட்டும் நிற்காது. மெக்கானிக் மொழியில் அது 'சைடு கட்'. டயரை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

பாட்டிலைப் பயன்படுத்தும் முறை எளிது. ஆணியைப் பிடுங்கக் கூடாது. பாட்டிலைக் கம்ப்ரசரோடு பொருத்தி, வால்வில் மாட்டி, சிகரெட் லைட்டர் பாயிண்டில் செருகி, எஞ்சினை ஓடவிட்டு அழுத்த வேண்டும். திரவம் உள்ளே போகும்வரை கம்ப்ரசர் மூச்சுத் திணறுவது போல் சத்தம் போடும், பயப்பட வேண்டாம். காற்று ஏறியதும் அங்கேயே நின்று பேசிக்கொண்டிருக்காமல் உடனே ஓட்ட வேண்டும். சக்கரம் சுழன்றால்தான் திரவம் பரவி ஓட்டையைத் தேடிப் போகும். பத்து நிமிடம் மெதுவாக ஓட்டி, நின்று, அழுத்தம் பார்க்க வேண்டும். 19 பிஎஸ்ஐக்குக் கீழே இறங்கியிருந்தால் பல கம்பெனிகளின் கையேடுகள் மேலே ஓட்டக் கூடாது என்கின்றன. நின்றிருந்தால் சரியான அளவுக்குக் காற்றடித்து, 80 கி.மீ. வேகத்தைத் தாண்டாமல் நேராக அடுத்த கடைக்கு.

கடைக்காரர் ஏன் கும்பிடுகிறார்? அந்த லேட்டக்ஸ் பால் டயருக்குள் முழுக்கப் பூசிக்கொள்ளும். கழற்றினால் கையெல்லாம் பிசின். கழுவித் துடைத்துக் காயவைத்தால்தான் உள்ளே ஒட்டுப் பிடிக்கும். சென்சார் இருந்தால் அதன் துளையையும் அடைத்துவிடலாம். கிட்டில் யாரும் படிக்காத இன்னொரு வரி காலாவதித் தேதி. சில வருடங்கள்தான் ஆயுள். அக்னி நட்சத்திரத்தில் மொட்டை வெயிலில் நிற்கும் காரின் டிக்கிக்குள் கிடக்கும் திரவம் அது. ஒருமுறை பயன்படுத்தினால் முடிந்தது, அடுத்த பாட்டிலைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். வெறும் கம்ப்ரசர் மட்டும் அப்படியல்ல. ஆணி அடைத்துக்கொண்டிருக்கும் மெதுவான கசிவுக்குப் பாட்டிலே தேவையில்லை. காற்றடித்து இருபது கிலோமீட்டர் ஓட்டலாம், மறுபடி அடித்து இன்னும் இருபது. பாட்டிலைத் திறக்குமுன் இதை ஒருமுறை முயன்று பார்ப்பதே என் வழக்கம்.

இதைவிட நம்பகமான ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, கார் கம்பெனி அதைத் தருவதில்லை. பஞ்சர் கடையில் பார்க்கும் அதே பொருள்தான்: டி வடிவக் கைப்பிடி போட்ட அரம், அதே மாதிரி காது உள்ள ஊசி, பிசுபிசுப்பான ரப்பர் திரிகள். ஆணியை எந்தச் சாய்வில் ஏறியிருக்கிறதோ அதே சாய்வில் குறட்டால் பிடுங்கி, அரத்தை உள்ளே விட்டு நாலு தடவை ஏற்றி இறக்கி, திரியை ஊசியில் கோத்து அழுத்தி நுழைத்து, நுனி ஒரு விரற்கடை வெளியே இருக்கும்போது வெடுக்கென்று ஊசியை உருவ வேண்டும். திரி உள்ளே முடிச்சுப் போலத் தங்கிவிடும். காற்றடித்து எச்சில் தொட்டு வைத்து, குமிழ் வரவில்லையென்றால் வேலை முடிந்தது. முன் சக்கரமாக இருந்தால் ஸ்டியரிங்கை ஒடித்து வைத்தால் சக்கரத்தைக் கழற்றாமலே செய்யலாம். எழுதும்போது எளிது. முதல்முறை செய்யும்போது அந்த ஊசியை உள்ளே தள்ள உடம்பு எடை முழுவதும் தேவைப்படும். கேட்டில் கிடக்கும் பழைய டயர் ஒன்றில் பழகிவிட்டால் நல்லது.

திரி நிரந்தரமா என்ற சண்டை ஓய்வதேயில்லை. நம் ஊரில் திரி போட்ட டயர் பட்டன் தேய்ந்து மொட்டையாகும்வரை ஓடுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். டயர்த் தொழிலின் விதி வேறு: ரிம்மிலிருந்து கழற்றி, உள்பக்கம் பார்த்து, காளான் வடிவ ஒட்டை உள்ளிருந்து போட்டால்தான் முழுமையான ரிப்பேர். தண்டு ஓட்டையை அடைக்கும், குடை உள்சுவரில் ஒட்டும். கடைகளில் 'மஷ்ரூம்' என்று கேட்டால் தெரியும். நகருக்குள் ஓட்டுகிறவர் திரியோடு இருக்கலாம். மணிக்கு நூறில் பெங்களூருக்கு அடிக்கடி போகிறவர் மஷ்ரூம் போட்டுக்கொள்ளட்டும். உள்ளே கறுப்பு மாவு இருக்கிறதா என்று கழற்றினால்தான் தெரியும் என்பதே அதற்கு முக்கியக் காரணம்.

உண்மையில் ஸ்டெப்னி இல்லாத கார் தமிழ்நாட்டில் ஓட முடிகிறதென்றால், அதற்குக் காரணம் அமைச்சகமல்ல, ரோட்டோரம் புளியமரத்தில் தொங்கும் அந்தப் பழைய டயர்தான். வெள்ளைப் பெயிண்டில் 'பஞ்சர்' என்று எழுதி அம்புக்குறி போட்டிருக்கும். ஒரு கம்ப்ரசர், ஒரு தொட்டி சோப்புத் தண்ணீர், கயிற்றுக்கட்டில். கதவு சாத்தியிருந்தால் ஷட்டரில் போன் நம்பர். மேற்குநாடுகளில் ரோட்டில் நின்றவருக்கு இந்த வசதி கிடையாது, இழுவை வண்டிக்குத்தான் காத்திருக்க வேண்டும். நம்முடைய ஐந்தாவது சக்கரத்தை இவர்கள்தான் இத்தனை காலம் வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

எல்லாரும் நல்லவர்கள் என்று சொல்லவில்லை. பெங்களூரு வெளிவட்டச் சாலையில் தினமும் ஆணி பொறுக்கிக் கிலோக்கணக்கில் சேர்த்துக் காட்டிய ஒருவரைப் பற்றிச் செய்திகள் வந்தன. ஒரே ஆணிக்கு நாலு பஞ்சர் என்று பில் போடும் வித்தையும் உண்டு: சோப்புத் தண்ணீர் தடவும் கையிலேயே ஊசி இருக்கும். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர இதற்கு மருந்து இல்லை. போனை நோண்டாமல் நின்றாலே பாதி வித்தை நடக்காது.

இந்த ஏற்பாடெல்லாம் கைவிடும் இடத்துக்கு வருகிறேன். ஒரு சித்திரை மாதம், திருச்சியிலிருந்து சென்னைக்கு அத்தை மகனின் புதுக் காரில் வந்துகொண்டிருந்தோம். உளுந்தூர்பேட்டை தாண்டி, இருட்டும் நேரம். வேலை நடந்துகொண்டிருந்த ஒரு பாலத்தருகே கிடந்த இரும்புத் தகடு இடது பின்சக்கரத்தின் பக்கவாட்டில் விரல் நீளத்துக்குக் கிழித்துவிட்டது. அவன் கையேட்டை ஒரு வரி விடாமல் படித்து, பாட்டிலை மாட்டி அழுத்தினான். உள்ளே போன பால் முழுவதும் கிழிசல் வழியாக ரோட்டில் வழிந்தது. கம்பெனி உதவி எண்ணில் மூன்று மணி நேரம் ஆகும் என்றார்கள். அதற்குள் எங்கிருந்தோ ஒரு பஞ்சர் கடைக்காரர் டிவிஎஸ் எக்ஸெல்லில் வந்து நின்றார். "ஸ்டெப்னிய எடுங்க தம்பி, மாட்டிருவோம்." இல்லை என்றோம். "சரி, ஜாக்கிய எடுங்க, கழட்டிட்டுப் போயி டயர் மாத்திட்டு வர்றேன்." அதுவும் இல்லை. அவர் காரைச் சுற்றி ஒருமுறை நடந்து வந்தார். விலை கேட்டார். சொன்னோம். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

கடையிலிருந்து அவருடைய ஜாக்கி வந்தது, சக்கரம் எக்ஸெல்லின் முன்பக்கத்தில் ஏறி விழுப்புரம் போனது. அந்த அளவு டயர் எந்தக் கடையிலும் இல்லை. ஒரு பழைய டயர்க் கடையில் அகலம் சற்றுக் குறைவான ஒன்றைப் பிடித்து மாட்டிக்கொண்டு, அறுபதைத் தாண்டாமல் விடியற்காலை வீடு வந்தோம். மறுநாள் சென்னையிலும் அந்த அளவுக்கு இரண்டு நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. இருங்காட்டுக்கோட்டையையும் ஒரகடத்தையும் சுற்றிக் கார் ஆலைகளும் டயர் ஆலைகளும் நிறைந்த பகுதியில் வசித்துக்கொண்டு இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

இந்தச் சைடு கட்டுக்கு விடை சொல்லும் தொழில்நுட்பம் ஒன்று உண்டு. ரன்ஃபிளாட் டயரின் பக்கச்சுவர் கனமாக இருக்கும், காற்று முழுவதும் போனாலும் வண்டியைத் தாங்கும். 80 கி.மீ. வேகத்தில் 80 கி.மீ. தூரம் என்பது பொதுவான எல்லை. விலையுயர்ந்த ஜெர்மன் கார்களில் பல வருடங்களாக இருக்கிறது. நம் ரோட்டில் அதன் குறை அதே கனம்தான். குண்டுங்குழியில் இறங்கினால் இடுப்பெலும்புவரை செய்தி வரும். பள்ளத்தின் விளிம்பில் அடிபட்டுப் புடைத்துக்கொண்டால் மாற்றும் செலவு ஒரு சிறு நகைக்குச் சமம். அதை வைத்திருப்பவர்களே தனியாக ஒரு மெல்லிய ஸ்டெப்னி வாங்கி டிக்கியில் போட்டுக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். உள்ளே பிசின் பூசி, தானே அடைத்துக்கொள்ளும் டயர்களும் சந்தையில் இருக்கின்றன. ஆணிக்கு அருமை, கிழிசலுக்குக் கிடையாது. காற்றே தேவைப்படாத டயரை மிஷெலின் 2019இல் ஜெனரல் மோட்டார்ஸோடு சேர்ந்து காட்டியது. அதை நம்பி இன்று வண்டி வாங்க முடியாது.

அப்படியானால் தனியாக ஒரு சக்கரம் வாங்கிவிடுவதா? தொலைதூரம் ஓட்டுகிறவருக்கு என் விடை, ஆம். அலாய் தேவையில்லை, இரும்பு ரிம் போதும். ஆனால் எந்த ரிம்மும் எந்த வண்டிக்கும் சேராது. எத்தனை போல்ட், போல்ட் வட்டத்தின் விட்டம் எவ்வளவு, நடுத்துளை எவ்வளவு, பிரேக் காலிப்பரில் உரசுகிறதா என்று நான்கையும் பார்க்க வேண்டும். நான்கு போல்ட் 100 மில்லிமீட்டர் வட்டம் உள்ள ரிம் ஐந்து போல்ட் 114.3 மில்லிமீட்டர் வட்டத்தில் ஏறவே ஏறாது. டயரின் மொத்த உயரமும் மற்ற மூன்றுக்கும் அருகில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் டிஃபரன்ஷியலுக்கு வேலை கூடும். ஜாக்கி, ஸ்பேனர், அலாய்க்குப் பூட்டு நட் போட்டிருந்தால் அதன் சாவி, இவற்றையும் சேர்த்தே வாங்க வேண்டும். மின்சாரக் காராக இருந்தால் ஜாக்கியைக் கையேடு குறித்த இடத்தில் மட்டும் வைக்க வேண்டும். கொஞ்சம் தள்ளி வைத்தால் பேட்டரிப் பெட்டியில் குத்தும். அதேபோல அதைக் கயிறு கட்டி இழுக்கவும் கூடாது, முழுதாக ஏற்றிச் செல்லும் ரெக்கவரி வண்டியைத்தான் கூப்பிட வேண்டும். தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033, உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்தென்றால் 112. மலைப்பாதைகளில் சிக்னல் போகும் வளைவுகளும் உண்டு, கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவில் எந்த எண்ணும் எல்லா இடத்திலும் எடுபடும் என்று நினைக்கக் கூடாது.

வாங்குமுன்பே கேட்கலாம் என்பதுதான் பலர் தவறவிடும் இடம். ஷோரூமில் டச் ஸ்கிரீனையும் சன்ரூஃபையும் தடவிப் பார்க்கிறவர்கள் டிக்கிக் கம்பளத்தைத் தூக்குவதில்லை. ஒரே மாடலில் ஒரு வேரியண்டில் ஸ்டெப்னி இருக்கும், அடுத்ததில் இருக்காது. விற்பனையாளரிடம் கேட்டால், "கிட் வருது சார்" என்று அது கூடுதல் வசதி போலச் சொல்வார். தனிச் சக்கரம் துணைப்பொருளாகக் கிடைக்குமா, என்ன விலை, அந்த டயர் அளவு ஊரில் சாதாரணமாகக் கிடைக்கும் அளவா என்று கேட்டுவிட்டு முன்பணம் கொடுக்கலாம். அத்தை மகன் கேட்காமல் வாங்கினான்.

இப்போது அவனிடம் ஒரு இரும்பு ரிம்மும் டயரும் இருக்கின்றன. டிக்கியில் வைத்தால் பெட்டிகளுக்கு இடமில்லை என்பதால் சென்னைக்குள் ஓட்டும்போது வீட்டுப் பரணில் படுத்துக் கிடக்கிறது, ஊருக்குக் கிளம்பினால் மட்டும் இறங்கி வரும். போன தடவை இறக்கியபோது அத்தை அதற்கும் ஒரு குங்குமப் பொட்டு வைத்தாள். காற்றுப் பார்த்தாயா என்று கேட்டேன். 11 பிஎஸ்ஐ இருந்தது.